ரெண்டு சீட்டு காடி

வேனை விற்ற மறுநாள் காலையில் எனக்கு ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. அடுத்து வாங்கப்போகும் வண்டியில் யாருக்கும் இடம் இருக்கக் கூடாது. கேட்கிறவர்களுக்கு இது கல்நெஞ்சக்காரியின் பேச்சாகத் தெரியும். தெரிந்துவிட்டுப் போகட்டும். கேமரன் மலையில், தேயிலை எஸ்டேட் லைன் வீட்டில் இருந்துகொண்டு, ஒரு வேனையும் வைத்திருந்து பார்த்தால்தான் என் கஷ்டம் புரியும்.

என்னுடையது பள்ளிக்கூட வேன். காலையில் எங்கள் லைனிலேயே தொடங்கி, டிவிஷன் டிவிஷனாகப் போய்ப் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு தமிழ்ப்பள்ளியில் இறக்குவேன். மத்தியானம் அதே பிள்ளைகளை, பாதிப் பேரைத் தூக்கத்தில், திரும்பக் கொண்டுவந்து சேர்ப்பேன். அது பிழைப்பு, அதில் எனக்குக் குறை இல்லை. ஆனால் பிள்ளைகளை இறக்கிவிட்ட பிறகு வேன் காலியாகத் திரும்ப வேண்டும் அல்லவா? ஒரு நாளும் திரும்பியதில்லை. பள்ளிக்கூட வாசலிலேயே ஆள் நிற்கும். "அக்கா, பிரிஞ்சாங்தானே போறீங்க?" என்பார்கள். பிரிஞ்சாங் போவதாக நான் யாரிடமும் சொல்லியிருக்க மாட்டேன். இருந்தாலும் போவேன்.

எங்கள் மலையில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. ரோட்டோரத்தில் ஒருவர் கை காட்டினால் வண்டி நிற்க வேண்டும். பஸ் எப்போதாவது வரும், மழை எப்போதும் வரும், அதனால் வந்த சட்டம் அது. அதை மீறினவர்களை ஊர் மறக்காது. முன்பு ஒரு கிராணி, அதாவது எஸ்டேட் ஆபீஸ் கிளார்க், மழையில் நின்ற ஒரு பெண்ணைப் பார்த்தும் பார்க்காதவர் மாதிரி காரில் போய்விட்டார். அவர் பிள்ளைகளுக்குக் கல்யாணம் ஆகி, அவரும் ஓய்வு பெற்று, பேரன் பேத்தி எடுத்துவிட்டார். இன்னமும் அவருக்கு 'நிறுத்தாத கிராணி' என்றுதான் பெயர். அவர் பெண்ணுக்கு வரன் பார்க்கும்போது மாப்பிள்ளை வீட்டாரிடம் இதையும் சேர்த்துச் சொன்னார்களாம்.

அந்தச் சட்டத்தை என் வீட்டுக்காரர் ஒரு படி மேலே கொண்டுபோனவர். அவர் எஸ்டேட் ஃபேக்டரியில் தேயிலை காயவைக்கும் டிரையரில் வேலை செய்கிறார். நல்ல மனிதர், கலகலப்பானவர். கை காட்டாதவர்களையும் கூப்பிட்டு ஏற்றுவார். அவர் என் வேனில் முன் சீட்டில் உட்கார்ந்தால், ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "என்ன நடந்து போற? ஏறுலா!" என்பார். அந்த ஆள் உடம்பு இளைக்க நடந்துகொண்டிருப்பார். ஏறிவிடுவார்.

எங்கள் கல்யாண நாளுக்கு ஈப்போ போய் நாங்கள் இரண்டு பேர் மட்டும் சாப்பிட்டுவிட்டு வரலாம் என்று ஒரு வருஷம் முடிவு செய்தோம். அதை இவர் ஃபேக்டரியில் சொல்லிவிட்டார். கிளம்பும்போது வேன் நிறைந்துவிட்டது. ஒருவருக்குப் பல் டாக்டர், ஒருவருக்குச் சேலைக் கடை, ஒரு அம்மாளுக்கு மகளைப் பார்க்க வேண்டும். முனியாண்டி கோயிலுக்கு நேர்ந்த ஆட்டை வாங்கிவர ஒரு ஆள். திரும்பும்போது அந்த ஆடும் ஏறியது. மலை ஏறும் வளைவெல்லாம் அது என் கழுத்தில் மூச்சு விட்டுக்கொண்டே வந்தது. அன்றைக்கு இவர் எனக்கு வாங்கிக்கொடுத்த பூவை அதுதான் தின்றது.

இதையெல்லாம் நினைத்துப் பார்த்தபோது ஒன்று உறைத்தது. நான் லைசன்ஸ் எடுத்த நாளிலிருந்து தனியாக வண்டி ஓட்டியதே இல்லை. லைசன்ஸ் எடுக்கிற அன்றைக்கும் பக்கத்தில் ஒரு அதிகாரி இருந்தார். பள்ளியில் பிள்ளைகள் குறைந்து, பெற்றவர்களும் சொந்தக் காடி வாங்கிக்கொண்டு (எங்கள் ஊரில் கார் என்பது காடிதான்), வேன் ஓட்டுவதில் அர்த்தமில்லை என்று ஆன பிறகுதான் விற்றேன். விற்றதில் வருத்தம் இருந்தது. ஒரே ஒரு தடவையாவது தனியாக ஓட்டிப் பார்க்காமல் கிழவியாகிவிடுவேனோ என்ற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

இந்த நேரத்தில்தான் துரைசாணி கூப்பிட்டார். எங்கள் எஸ்டேட்டின் பழைய மேனேஜருடைய மனைவி அவர். மேனேஜர்கள் நம்மவர்களாகி எவ்வளவோ காலமாகியும் எங்களுக்கு மேனேஜர் துரைதான், அவர் வீட்டம்மா துரைசாணிதான். துரை இறந்த பிறகு அவர் தானா ராத்தாவில் தனியாக இருந்தார். பினாங்கில் மகன் வீட்டோடு போய்விட முடிவு செய்து, சாமான் ஏற்ற ஒரு லோரி பார்த்துத் தரச் சொன்னார். லோரிக்காரரிடம் பேசி முடித்ததும், வீட்டுக்குப் பின்னால் இருந்த கொட்டகைக்கு என்னை அழைத்துப் போனார்.

"இது லோரியில ஏறாது. இதை விக்கணும்," என்று சொல்லி, கான்வாஸை ஒரு மூலையில் பிடித்து இழுத்தார்.

சிவப்புக் காடி. மூக்கு நீளம், வால் குட்டை. தலைக்குமேல் தகரம் இல்லை, மடக்கி வைக்கிற துணிக் கூரைதான். இங்கிலாந்தில் செய்தது, ஏறக்குறைய என் வயது. அதன் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் ஈப்போவில் இருக்கிற பழைய காடிப் பைத்தியங்கள் எனக்குச் சாமான் விலையை ஏற்றிவிடுவார்கள். துரை ஞாயிற்றுக்கிழமைகளில் இதில் போவதை நாங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அப்போது எனக்கு அது ஒரு தொந்தரவு. குறுகலான ரோட்டில் என் வேன் ஒதுங்கி நிற்க வேண்டும். இப்போது பக்கத்தில் நின்று பார்க்கிறேன், உள்ளே இரண்டே சீட்டு.

"பின்னால சீட்டு இல்லையா, மேடம்?"

"இல்ல."

"மடக்கி வச்சிருக்கிற மாதிரி எதாவது?"

"ஒண்ணுமே கிடையாது. ஒரு பலகை இருக்கு, அவ்வளவுதான். கைப்பை வைக்கலாம்."

என் காதில் தேன் பாய்ந்தது. துரைசாணி அதைக் குறையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அதை வாங்க இன்னும் ஒரு ஆள் தயாராக இருந்தார். பிரிஞ்சாங்கில் ஒரு ஹோட்டல்காரர். வாசலில் நிறுத்தி, உள்ளே பூச்செடி நட்டு, காடியின் மூக்குமேல் பஞ்சு அடைத்த பெரிய ஸ்ட்ராபெரி பொம்மை ஒன்றை உட்காரவைத்தால், விடுமுறைக்கு வருகிறவர்கள் படம் எடுத்துக்கொள்வார்களாம். "ஓட்டறவங்களுக்குக் கொடுக்கத்தான் எனக்கு ஆசை. வெள்ளிக்கிழமை வரைக்கும் உங்களுக்காக வச்சிருக்கேன்," என்றார் துரைசாணி. ஓடுகிற காடியில் மண்ணைக் கொட்டிச் செடி நடுவதா? அந்த ஹோட்டல்காரரை நான் பார்த்ததில்லை. இருந்தாலும் அன்று முழுக்க அவரை மனதுக்குள் திட்டிக்கொண்டே இருந்தேன்.

வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"ரெண்டு சீட்டா?" என்றார். "வழியில யாராச்சும் நின்னா?"

"நிக்கட்டும்."

சோற்றில் இருந்த கை அப்படியே நின்றுவிட்டது. நான் ஏதோ கெட்ட வார்த்தை பேசிவிட்ட மாதிரி பார்த்தார். "சமையக்கட்டுல கூரை ஒழுகுது, எனக்கு முட்டி வலிக்குது. கெடக்கிறது கெடக்கட்டும், கிழவனைத் தூக்கி மணையில வைன்னானாம், அந்தக் கதையா இருக்கு. கிழட்டு காடி உனக்கு எதுக்கு?"

"கூரையை நீங்க போன வருஷமே பார்க்கிறேன்னு சொன்னீங்க."

தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார். கை கழுவிவிட்டு வந்து, "வேன் உன் உழைப்பு, அந்தக் காசும் உன்னோடது. நீ என்ன வேணாலும் வாங்கிக்கோ. நான் வந்து பார்க்க மாட்டேன், அவ்வளவுதான்," என்றார். கோபம் இல்லை. வருத்தம் இருந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. சண்டை போட்டிருந்தால் நானும் பதிலுக்குப் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

மறுநாள் காடியைப் பார்க்கப் போனேன். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். இது தானம் இல்லை, விலைக்கு வாங்குவது. அதனால் பல்லைப் பிடித்து, வாயைத் திறந்து, நாக்கையும் இழுத்துப் பார்த்தேன். முதலில் எஞ்சின் மூடிமேல் கையை வைத்தேன். ஜில்லென்று இருந்தது, நல்லது. விற்கிறவர்கள் நாம் வருவதற்குமுன் எஞ்சினை ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால், குளிரில் கிளம்பாத காடியும் சமர்த்தாகக் கிளம்பும். அந்த வேலை நமக்கும் தெரியும். என் வேனை விற்ற அன்றைக்கு நானே செய்தேன்.

அடுத்தது காந்தம். எங்கள் வீட்டு ஐஸ்பெட்டியில் ஒட்டியிருந்த ஸ்ட்ராபெரிக் காந்தத்தைக் கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுபோயிருந்தேன். பிரிஞ்சாங் பாசார் மாலாமில், அதாவது இரவுச் சந்தையில், வாங்கியது. காந்தம் ஒட்டினால் அடியில் இரும்பு இருக்கிறது. ஒட்டாமல் வழுக்கினால் இரும்பு துருவில் போய், பட்டி மாவு அடைத்துப் பெயின்ட் பூசியிருக்கிறார்கள். மூடியில் ஒட்டியது, கதவில் ஒட்டியது. இடது கதவுக்குக் கீழே வந்தபோது ஸ்ட்ராபெரி கையைவிட்டு நழுவிக் கீழே விழுந்தது. துரைசாணி வேறு பக்கம் பார்த்தார். உள்ளே இடது பக்கக் கார்ப்பெட்டைத் தூக்கினேன். பிழிந்தால் தண்ணீர் வரும் போல இருந்தது. எங்கள் ஊரில் சுவரே வியர்க்கும், காடி வியர்ப்பதற்குக் கேட்பானேன்?

"துரை இருந்தப்ப நான்தான் அந்தப் பக்கம் உட்காருவேன். மழை வந்தா என் மடியிலதான் ஒழுகும். அவர் பக்கம் ஒரு சொட்டு விழாது," என்றார் துரைசாணி.

சாவியைத் திருப்பினேன். இரண்டு தடவை முனகியது. மூன்றாவது தடவை கிளம்பி, நீலமாகக் கொஞ்சம் புகை விட்டுவிட்டு, அப்புறம் சீராக உறுமியது. அந்தச் சத்தம் சீட்டு வழியாக முதுகில் ஏறியது. இத்தனை நேரம் பல்லைப் பிடித்துப் பார்த்தவள், அந்த நிமிஷத்தில் பாதி விலை போய்விட்டேன். மீதிப் பாதியைக் காப்பாற்றிக்கொள்ள, கம்போங் ராஜாவில் இருக்கும் ஒரு வொர்க்‌ஷாப்பில் காட்டிவிட்டு முடிவு சொல்கிறேன் என்றேன். துரைசாணியும் கூட வருவதாகச் சொன்னார். கூரையை மூட வேண்டாம், கொக்கி ஒன்று சிக்கியிருக்கிறது, மூடினால் திறக்காது என்றார். தலையில் ஒரு துணியைக் கட்டிக்கொண்டு, பழக்கமான இடது சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

அவருக்குக் காடி ஓட்டத் தெரியாது. ஆனால் எத்தனையோ வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டதில், கியர் எப்போது மாற்ற வேண்டும் என்பது அவர் காதுக்குத் தெரியும். "இப்ப மூணு," என்பார். நான் மூன்று போடுவேன். "ஏத்தம் வருது, ரெண்டு." சரியாகவே இருக்கும். பிரிஞ்சாங் கடைத்தெருவைத் தாண்டும்போது ஆட்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். நான் முகத்தைப் பெரிய மனுஷி மாதிரி வைத்துக்கொண்டேன்.

பிரிஞ்சாங் தாண்டிக் காய்கறித் தோட்டங்கள் ஆரம்பிக்கிற இடத்தில் ஒரு வளைவு. வளைவில் ஒரு பெண், காலடியில் வெங்காயத்தாள் கட்டுகள். கை காட்டினாள். என் கால் தானாகப் பிரேக்கை அழுத்தியது. சிக்னல் போட்டு, ஓரம் கட்டி, அழகாக நிறுத்தியும் விட்டேன். நிறுத்திய பிறகுதான் எனக்கு உறைத்தது. இருப்பது இரண்டு சீட்டு, இரண்டிலும் ஆள்.

அந்தப் பெண் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். தோட்டத்து வேலைக்காரி, அவள் பிள்ளைகள் என் வேனில் வந்தவர்கள்தான். "அக்கா, புது வேனா?" என்றாள். உள்ளே பார்த்தாள். துரைசாணியைப் பார்த்தாள். "ஐயோ, துரைசாணி! நான் அடுத்த வண்டியில வரேன்க்கா."

"மழை வருதும்மா. ஏறிக்கோ," என்றார் துரைசாணி, ஏதோ பஸ் கண்டக்டர் மாதிரி.

"எங்கம்மா ஏற?" என்றாள் அவள்.

எங்கே ஏறினாள் என்றால், சீட்டுகளுக்குப் பின்னால் இருந்த பலகையில். கைப்பை வைக்கலாம் என்று சொன்னார்களே, அந்தப் பலகை. கால்கள் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில். வெங்காயத்தாள் கட்டு ஒன்று துரைசாணி மடியில், ஒன்று கியருக்குப் பக்கத்தில். கியர் போடும்போதெல்லாம் தாள் நசுங்கி, காடி முழுக்க வாசம். கம்போங் ராஜா வரைக்கும் அவள் என் தலைக்குமேலாக எதிரில் வருகிற லோரிக்காரர்களுக்கெல்லாம் கையாட்டிக்கொண்டே வந்தாள். இறங்கும்போது, "நல்லா இருக்குக்கா, காத்தோட்டமா. நாளைக்கும் இந்த நேரந்தானா?" என்று கேட்டாள்.

துரைசாணி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆத்திரம் வந்தது, என்மேல்தான். சீட்டே இல்லாத வண்டியிலும் ஆள் ஏற்றுகிறவள் எந்த வண்டியை வாங்கினால் என்ன? நாளைக்கு மோட்டர் சைக்கிள் வாங்கினாலும் ஆட்டோடு ஒரு குடும்பம் ஏறிவிடும். காடி வாங்கத் தகுதியானதா என்று காட்டத்தான் போய்க்கொண்டிருந்தேன். நான் அதற்குத் தகுதியானவளா என்று யாரிடம் காட்டுவது?

வொர்க்‌ஷாப்காரன் காய்கறி லோரிகளையும் ஃபோர்வீல் ஜீப்புகளையும் பழுது பார்க்கிறவன். சின்ன வயதில் என் வேனில் வந்தவன், வளைவுக்கு வளைவு வாந்தி எடுத்தவன். இப்போது தாடி வைத்திருக்கிறான். காடியை மேடையில் ஏற்றி அடியில் போய் நின்று, ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடியால் தட்டிக்கொண்டே வந்தான். டங், டங், டங். இடது பக்கம் வந்ததும் சத்தம் செத்துவிட்டது. கொஞ்சம் அழுத்தினான். துருப் பொடி அவன் தாடியில் கொட்டியது.

"மேடம், நீங்க காலை எங்க வச்சிருந்தீங்க?" என்று கேட்டான். துரைசாணி தன் செருப்பைக் குனிந்து பார்த்துக்கொண்டார்.

பிறகு என்னிடம் சொன்னான். "ஆண்ட்டி, எஞ்சின் நல்லா இருக்கு. சேசிஸ் தப்பிச்சிருச்சு. ஓட்டறவங்க பக்கம் தளம் கல்லு மாதிரி இருக்கு. இந்தப் பக்கம் போச்சு. வெட்டி எடுத்துப் புதுத் தகடு போடணும். அதுவரைக்கும் பக்கத்து சீட்டுல யாரையும் உட்கார வைக்காதீங்க. சீட்டோட ரோட்டுக்குப் போயிடுவாங்க."

"வாங்கலாமா, வேண்டாமா? அதைச் சொல்லு."

"வேலைக்கு ஆகுமான்னா ஆகாது. மாசா மாசம் ஏதாச்சும் கேட்கும். சாமானுக்கு ஈப்போவுக்கும் சிங்கப்பூருக்கும் அலையணும். ஆசைக்கு ஆகுமான்னு கேட்டா, அது எனக்கு எப்படி ஆண்ட்டி தெரியும்?"

சாமான் வாங்க அவனே பிரிஞ்சாங் போவதாக இருந்தான். துரைசாணியைத் தன் ஃபோர்வீலில் ஏற்றி வீட்டில் விட்டுவிடுவதாகச் சொன்னான். தூறல் ஆரம்பித்திருந்தது. தன்னுடைய மழைக்கோட்டு ஒன்றை எனக்குக் கொடுத்தான், துரைசாணி தன் தலைத்துணியை அவிழ்த்துக் கொடுத்தார். அவர்கள் முன்னால் போய்விட்டார்கள். நான் இரண்டையும் மாட்டிக்கொண்டு காடியில் ஏறி உட்கார்ந்தேன். பக்கத்தில் பார்த்தேன். யாரும் இல்லை.

கம்போங் ராஜாவைத் தாண்டும்வரை சாதாரணமாகத்தான் ஓட்டினேன். பிளாஸ்டிக் கூரை போட்ட தோட்டங்கள் முடிந்து, ரோடு காலியானது. மணி பார்க்க வேண்டியதில்லை, பின்னால் திரும்பி "உட்காரு, கையை வெளிய நீட்டாதே" என்று அதட்ட வேண்டியதில்லை. ஏத்தத்தில் இரண்டாம் கியர் போட்டேன், யாரும் சொல்லாமலே. வளைவில் காடி ரோட்டை ஒட்டிக்கொண்டு திரும்பியது. என் வேன் வளைவில் வயிற்றுப் பிள்ளைக்காரி மாதிரி சாயும். இது சாயவே இல்லை. முகத்தில் தூறல் அடித்தது, மூக்கு சில்லிட்டது, சந்தோஷமாக இருந்தது. சந்தோஷம் என்றால் வேறு வார்த்தை தெரியவில்லை. தேயிலைச் சரிவுகள் வந்தபோது நான் பாடிக்கொண்டிருந்தேன். என்ன பாட்டு என்று கேட்காதீர்கள், வாய்க்கு வந்த பாட்டு, தெரிந்த வரி ஒன்று, தெரியாத வரி மூன்று. குரல் காற்றில் போய்விடுகிறது என்ற தைரியத்தில் கத்தித்தான் பாடினேன்.

எங்கள் எஸ்டேட்டுக்குக் கொஞ்சம் முன்னால் பனி இறங்கியிருந்தது. ரோட்டோரத்தில் ஒரு குடை தெரிந்தது, மழைக்கோட்டு தெரிந்தது, நீட்டிய கை தெரிந்தது.

என் கால் பிரேக்குக்குப் போகவில்லை.

தளம் ஓட்டை என்பது ஞாபகம் வந்ததால் நிறுத்தவில்லை என்று இப்போது சொல்லிக்கொள்ளலாம். பொய். அது ஞாபகத்திலேயே இல்லை. பாட்டில் ஒரு நல்ல இடத்தில் இருந்தேன், அவ்வளவுதான். கையைப் பார்த்தேன், போய்விட்டேன். அடுத்த வளைவு வருவதற்குள் கண்ணாடியில் பார்த்தேன். அந்த ஆள் இன்னும் கையை இறக்கவில்லை. குடை பிடித்த கையில் தொங்கிய டிபன் கேரியரை எனக்குத் தெரியும். காலையில் நான்தான் அதில் சோறு கட்டினேன்.

பிரேக் போட்டு ஓரம் கட்டினேன். பின்னால் போகலாம் என்று ரிவர்ஸ் கியரைத் தேடினேன், கிடைக்கவில்லை. முன்னால் தள்ளினேன், பின்னால் இழுத்தேன், மேலே தூக்கினேன், கீழே அமுக்கினேன். காடி உறுமியதே தவிர நகரவில்லை. துரைசாணி இருந்திருந்தால் சொல்லியிருப்பார். கடைசியில் இறங்கி நடந்தேன். பனிக்குள்ளிருந்து அவரும் நடந்து வந்துகொண்டிருந்தார்.

"ஏங்க, நான் பார்க்கலைங்க," என்று ஆரம்பித்தேன்.

"பார்த்த," என்றார். "கையைப் பார்த்துட்டுத்தான் போன."

திட்டப்போகிறார் என்று நினைத்தேன். நடந்து போகிறவர்களை எல்லாம் கூப்பிட்டு ஏற்றுகிற மனிதர். தன் பெண்டாட்டியே தன்னை மழையில் விட்டுவிட்டுப் போய்விட்டாள். ஃபேக்டரிக்குத் தெரிந்தால் கிராணியின் பட்டம் எனக்கு வந்துவிடும். ஆனால் அவர் குடையை மடக்கித் தரையில் ஊன்றிக்கொண்டு சிரித்தார். நிற்க முடியாமல் சிரித்தார். நனைகிறோம் என்பதுகூடத் தெரியவில்லை.

"மொதல்ல கொரல்தான் வந்துச்சு. யாரோ கூட்டாளிங்களோட பாடிக்கிட்டு வராங்கன்னு நெனைச்சேன். பார்த்தா நீ. பக்கத்துல ஆளே இல்ல," என்றார். சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. "நீ தனியா ஓட்டி நான் பார்த்ததே இல்லையேடி."

"யாருமே பார்த்ததில்ல."

"வேன்ல வரப்ப உன் மூஞ்சி எப்பவும் ரோட்டோரத்தைத் தேடிக்கிட்டே இருக்கும், அடுத்து எங்க நிறுத்தணும்னு. இன்னைக்குத் தேடல."

இதை அவர் எப்போது பார்த்தார்? வழியில் போகிறவர்களைக் கூப்பிடத்தான் அவருக்கு நேரம் இருந்தது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். காடிவரை நடந்து வந்தோம். முதன்முதலாக அதைச் சுற்றிப் பார்த்தார். ஈரமான சிவப்பைக் கையால் துடைத்தார்.

"வாங்கு," என்றார்.

"தளம் ஓட்டைங்க. மாசா மாசம் செலவு வைக்குமாம்."

"வைக்கட்டும், வாங்கு. இந்தக் கூரை ஒழுகினா நான் பார்க்கிறேன்."

"நீங்க பார்த்த கூரையைத்தான் நான் பார்த்தேனே," என்றேன். வாய் அப்படிச் சொன்னதே தவிர, கை அதற்குள் இடது கதவைத் திறந்துவிட்டது. பழக்கம் விடுமா? "ஏறுங்க, மெதுவா போயிடலாம். இல்ல, ஏறாதீங்க. அந்தப் பக்கம் யாரையும் உட்கார வைக்கக் கூடாதுன்னு வொர்க்‌ஷாப்ல சொல்லியிருக்கான்."

அவர் காலி சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கதவை மெதுவாகச் சாத்தினார். குடையை விரித்துக்கொண்டார்.

"நான் நடந்து வந்துடுறேன். நீ போ."

இத்தனை வருஷத்தில் ரோட்டோரத்தில் நின்றவர்கள் என்னிடம் சொன்னதெல்லாம் நிறுத்துக்கா, கொஞ்சம் பொறுக்கா, இன்னும் ஒரு ஆள் வருதுக்கா என்பதுதான். போ என்று யாரும் சொன்னதில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. துரைசாணியின் தலைத்துணியில் மூக்கைத் துடைத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தேன். ஒன்றாம் கியர் போட்டேன். எங்கள் லைனுக்குத் திரும்புகிற முடக்கு வந்தது. அதைத் தாண்டிப் போனேன்.